27 செக்கன் படம்: கருப்பைக் கழுத்துப் பரிசோதனையில் ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலையில், கருப்பைக் கழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் கொல்பொஸ்கோபி கிளினிக்கில் நடந்தது இது. சம்பந்தப்பட்ட படத்தை எடுத்தது நான்தான். ஆகவே மற்றவர் பிழையை விசாரிக்கும் அறிக்கையாக இதை வாசிக்க வேண்டாம். பரிசோதனைக்கு வந்த அக்காவிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விபரங்கள் எதையும் மாற்றவில்லை.

பின்னணி

அவருக்கு 46 வயது, மூன்று பிள்ளைகள். படுவான்கரையில் வேளாண்மையும் ஏழெட்டு மாடுகளும் வைத்திருக்கிறார். வயிற்று நோவு, இரத்தப்போக்கு, நாற்றமுள்ள வெள்ளை என்று எதுவும் அவருக்கு இல்லை. மாதவிடாய் மட்டும் ஒரு வருடமாக முன்பின்னாக வந்துகொண்டிருந்தது. அது வயதுக்கு உரியதுதான்.

சுகவனிதையர் கிளினிக் இலங்கையில் 1996 முதல் நடக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அழைத்து இரத்த அழுத்தம், சீனி, மார்பகம் எல்லாம் பார்த்து, கருப்பைக் கழுத்திலிருந்து பப் ஸ்மியரும் (ஆய்வுகூடத்தில் பார்க்கக் கலங்களைத் துடைத்தெடுப்பது) எடுப்பார்கள். 35 வயதில் இவர் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் அந்த வருடத்துக்கு நேரே "வெளிநாடு" என்று ஒரு சொல் மட்டும் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தால் அந்தச் சொல் எத்தனை பக்கங்களில் வருகிறது என்று தெரியும். வயதைக் கணக்கு வைத்து அழைக்கும் திட்டத்தில், அந்த வயதில் நாட்டில் இல்லாதவர் திரும்பி வந்ததும் அவரைத் தேட வேண்டும் என்ற வழக்கம் நம்மிடம் உறுதியாக இல்லை. பத்து வருடம் கழித்துத்தான் இவரை அழைத்தோம்.

ஸ்மியர் முடிவும் வெள்ளமும்

செப்டெம்பரில் ஸ்மியர் எடுக்கப்பட்டது. ஏழு கிழமை கழித்து வந்த முடிவில் எச்.எஸ்.ஐ.எல். என்று இருந்தது. அதாவது கழுத்தின் மேற்பரப்புக் கலங்களில் உயர்நிலை மாற்றம். இது புற்றுநோய் அல்ல. ஆனால் இப்படி விட்டுவிட்டால் சில பெண்களில் வருடக்கணக்கில் புற்றுநோயாக மாறக்கூடியது. காரணம் பெரும்பாலும் எச்.பி.வி. வைரஸ், அதன் 16, 18 ஆம் வகைகள் இரண்டும் சேர்ந்தே உலகின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 வீதத்துக்குக் காரணம்.

இப்படி ஒரு முடிவு வந்தால் அடுத்தது கொல்பொஸ்கோபி. ஆனால் முடிவு வந்தது மாரி மழை தொடங்கிய நேரத்தில். வாவியைக் கடக்கும் மண்டூர்–குருமண்வெளிப் பாதை (படகுச் சேவை) இரண்டு தடவை ஓடாமல் நின்றது. ஒரு கிளினிக் நாள் அப்படியே போனது. அடுத்த கிளினிக் நாளுக்கு, டிசம்பர் நடுப்பகுதியில், குடும்பநல உத்தியோகத்தர் தானே கூட வந்து அவரைக் கொண்டுவந்து சேர்த்தார்.

முதல் கொல்பொஸ்கோபி

கொல்பொஸ்கோப் என்பது வெளிச்சமும் பெரிதாக்கும் கண்ணாடியும் உள்ள, தூரத்தில் நின்று பார்க்கும் ஒரு கருவி. 1925 இல் ஹம்பர்க்கில் ஹான்ஸ் ஹின்செல்மன் செய்த காலத்திலிருந்து அடிப்படை பெரிதாக மாறவில்லை. எங்களிடம் இருப்பது கமரா இல்லாத பழைய வகை. அதனால் கண் வைக்கும் குழாயில் போனை ஒட்டிப் பிடித்துப் படம் எடுப்போம். கை ஆடினால் படமும் ஆடும். ஈரமான இடத்தில் விளக்கு பட்டு வெள்ளைப் புள்ளியாகத் தெறிக்கும். அந்தப் புள்ளிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று படத்தில் தெரியாது.

முறை இதுதான். முதலில் உப்புநீரால் துடைத்துப் பார்ப்போம். பச்சை வடிகட்டியைப் போட்டால் இரத்தக் குழாய்கள் கறுப்பாகத் தெரியும். பிறகு 5 வீத அசற்றிக்கமிலத்தில் தோய்த்த பஞ்சை வைத்து, குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுத்துப் பார்ப்போம். வினாகிரியில் இருக்கும் அதே அமிலம்தான். மாற்றம் அடைந்த கலங்களில் கருவும் புரதமும் நெருக்கமாக இருக்கும். அமிலம் பட்டதும் அந்தப் புரதம் தற்காலிகமாக உறையும். அப்போது வெளிச்சம் உள்ளே போகாமல் திரும்பி வருவதால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். சும்மா வளர்ந்துகொண்டிருக்கும் இளம் கலங்களும் வெளுக்கும், ஆனால் அது மெல்லிய வெள்ளை, சீக்கிரம் மறையும். கடும் மாற்றத்தின் வெள்ளை மெதுவாக ஏறி, தடித்து, நிற்கும். ஆகவே இங்கே பார்ப்பது நிறத்தை மட்டும் அல்ல, நிறம் ஏறும் நேரத்தையும்தான்.

அன்று 20க்கு மேற்பட்டோர் வெளியே இருந்தார்கள். இரண்டு தடவை கரண்ட் போய் ஜெனரேற்றரில் வந்தது. நான் அமிலம் வைத்தேன், பஞ்சை எடுத்தேன், கழுத்தின் முன் உதட்டில் மெல்லிய வெள்ளை ஒன்று தெரிந்தது, படம் எடுத்தேன். அயடீன் போடவில்லை, அன்று அது எங்களிடம் இருக்கவில்லை. கோப்பில் "முன் உதட்டில் மெல்லிய வெண்மை" என்று எழுதினேன். கழுத்தின் வாயைச் சுற்றிய எல்லைக்கோடு, அதாவது வெளிப்புறக் கலங்களும் உள்ளே போகும் கால்வாயின் கலங்களும் சந்திக்கும் கோடு, முழுதாகத் தெரிந்ததா என்பதை எழுதவில்லை. அதை எழுத அந்தத் தாளில் இடமும் இல்லை. ஆனால் அதைச் சாட்டாகச் சொல்ல முடியாது, மேலே வெறுமனே கிடந்த வரியில் எழுதியிருக்கலாம்.

படத்தை வேறொரு வைத்தியசாலையில் இருக்கும் பெண்நோயியல் நிபுணருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். செய்தி இவ்வளவுதான்: "46 வயது. பப் அப்நோர்மல். படம் பார்க்கவும்." எச்.எஸ்.ஐ.எல். என்று எழுதவில்லை. அவர் பார்த்துவிட்டு, இது சாதாரண வளர்ச்சி மாற்றம் போல இருக்கிறது, ஆறு மாதத்தில் திரும்பப் பாருங்கள் என்று பதில் போட்டார். அந்தப் படத்தையும் அந்த வசனத்தையும் மட்டும் வைத்து யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அக்காவிடம் "பெரிசா ஒண்டும் இல்ல, ஆறு மாசத்தில வாங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

கோப்பில் அகப்பட்டது

ஜனவரி முதல் கிழமையில் எங்கள் தாதிய உத்தியோகத்தர் பழைய கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஸ்மியர் முடிவையும் கொல்பொஸ்கோபித் தாளையும் ஒன்றாகக் குத்தும்போது நிறுத்தி, "டொக்டர், ஸ்மியர் எச்.எஸ்.ஐ.எல். எண்டு கிடக்கு. நாங்க ஆறு மாசம் எண்டு விட்டிருக்கிறம். இது சரியா?" என்று கேட்டார்.

சரியில்லை. ஸ்மியர் கடும் மாற்றம் என்று சொல்லி, கண்ணுக்கு அதற்கு ஏற்ற ஒன்றும் தெரியவில்லை என்றால், ஸ்மியர் பிழை என்று முடிவெடுக்கும் முன் கண் பார்த்தது போதுமா என்று கேட்க வேண்டும். போனை எடுத்து அன்றைய படங்களைத் திறந்தேன். இந்தப் போனில் எடுக்கும் படங்களின் கோப்புப் பெயரில் கடைசி ஆறு இலக்கமும் எடுத்த நேரம்: மணி, நிமிடம், செக்கன். அமிலம் வைக்க முன் எடுத்த படம் 104112. வைத்த பிறகு எடுத்தது 104139. இடையில் 27 செக்கன். அதற்குள் பஞ்சைத் தோய்த்தது, வைத்தது, எடுத்தது எல்லாம் நடந்திருக்கிறது. ஆக, அமிலம் வேலை செய்யக் கிடைத்தது அதிலும் குறைவான நேரம். ஒரு நிமிடம் பொறுத்ததாகத்தான் நான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது கேட்டிருந்தால் சத்தியம் பண்ணியிருப்பேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கழுத்தின் வாயைச் சுற்றிப் பின் உதட்டில் எல்லைக்கோடு தெரிகிறது. முன் உதட்டில் அது கால்வாய்க்குள் ஏறி மறைகிறது. மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்க நெருங்க இந்தக் கோடு உள்ளே போவது வழமை. மாற்றங்கள் வருவது பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டித்தான். அது தெரியவில்லை என்றால், தெரிந்த பகுதி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பரிசோதனை முழுமையில்லை. வெறும் கண்ணால் வினாகிரி வைத்துப் பார்க்கும் முறையை மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பொதுவாகச் சிபாரிசு செய்யாததும் இதனால்தான்.

வாட்ஸ்அப்பில் போன படம் சுருங்கிப் போயிருந்தது. மூலப் படத்தில் வெள்ளைக்குள் நுண்ணிய புள்ளிகள் இருப்பது போல ஒரு சந்தேகம் இருந்தது. அனுப்பிய படத்தில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை, எல்லாம் ஒரே பூச்சு. படத்தைப் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பினால் இது நடக்காது. அது எனக்குத் தெரியும். அவசரத்தில் செய்யவில்லை.

அன்று மாலையே நிபுணருக்கு முழு விபரத்தையும் மூலப் படத்தையும் அனுப்பினேன். "உடனே கூப்பிடுங்க, நான் வந்து சேர்ந்து பார்க்கிறன்" என்றார்.

திரும்ப அழைத்தது

இதுதான் இந்த நிகழ்வில் அதிக நாள் எடுத்தது. ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிய பெண்ணை மூன்று கிழமையில் வா என்றால் அவருக்கு என்ன தோன்றும்? முதல் அழைப்பை மகள் எடுத்தார். அம்மா வயலில் என்றார். இரண்டாவது தடவை அவரே எடுத்து, வேளாண்மை வெட்டு முடியட்டும் என்றார். ஜனவரி கடைசியில் வெட்டுத் தொடங்கினால் வாடியை விட்டு அசைய முடியாது என்பது நியாயம்தான். ஆனால் அவர் குரலில் இருந்தது வேறு என்று குடும்பநல உத்தியோகத்தர் சொன்னார். அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிய பிறகுதான் தெரிந்தது: அக்காவின் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி இதே நோயில் மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்த் திரும்பவில்லை. "ஒண்டும் இல்ல எண்டுதான் அவக்கும் முதல்ல சொன்னவங்க" என்றாராம்.

நாங்கள் எடுத்த முடிவு, பிழையை மூடாமல் சொல்வது. குடும்பநல உத்தியோகத்தர் மூலம் நானே போனில் பேசினேன். "அக்கா, அண்டைக்கு நான் அவசரப்பட்டுப் பார்த்திட்டன். முழுசாப் பார்க்கேல்ல. உங்களுக்குப் புற்றுநோய் எண்டு சொல்லேல்ல. ஆனா பார்க்காத இடத்தப் பார்க்கோணும்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "வெட்டு முடிஞ்ச கையோட வாறன்" என்றார். மார்ச் நடுவில் வந்தார். கையில் ஒரு சட்டித் தயிரும் இருந்தது.

இந்த இரண்டு மாதத்தைப் பற்றி எனக்கு இன்னும் உறுத்தல் உண்டு. இந்த மாற்றங்கள் வருடக்கணக்கில் மெதுவாகப் போகிறவை, இரண்டு மாதத்தில் எதுவும் கெட்டுப்போகாது என்று நிபுணர் சொன்னார். அது உண்மை. ஆனால் அவர் வராமலே போயிருக்கவும் கூடும்.

இரண்டாவது கொல்பொஸ்கோபி

இந்தத் தடவை மேசையில் ஒரு சமையல் டைமர் இருந்தது. அமிலம் அன்று காலை புதிதாகக் கலந்தது. ஒரு நிமிடத்தில் ஒரு படம், இரண்டு நிமிடத்தில் இன்னொன்று.

அரை நிமிடத்தில் பார்த்தபோது டிசம்பரில் பார்த்த அதே மெல்லிய வெள்ளை. ஒரு நிமிடம் தாண்டியதும் அது தடித்தது. இரண்டாவது நிமிடத்தில் முன் உதட்டில் சுண்ணாம்பு பூசியது போல, ஓரம் கூர்மையாக, வடிவம் ஒழுங்கில்லாமல் நின்றது. பச்சை வடிகட்டியில் தடித்த கறுப்புப் புள்ளிகள். கழுத்தின் வாயைத் திறக்கும் சிறிய ஸ்பெகுலத்தை வைத்துப் பார்த்தபோது வெள்ளை கால்வாய்க்குள் மேலே போவது தெரிந்தது. அதன் மேல் நுனி தெரியவில்லை. பிறகு அயடீன். ஆரோக்கியமான மேற்பரப்பில் கிளைக்கோஜன் இருப்பதால் அது கடும் மண்ணிறமாகும். இங்கே முன் உதடு மஞ்சளாகவே நின்றது.

மாற்றத்தின் கடுமையை அளக்கும் சுவீட் (Swede) புள்ளி முறையில் வெள்ளை, ஓரம், குழாய், பரப்பு, அயடீன் ஐந்துக்கும் தலா 2 வரை கொடுப்பார்கள். இவருக்கு 10 இல் 8 வந்தது. நிபுணர் பயொப்சி எடுத்தார், கால்வாயின் உட்புறத்தையும் சுரண்டி அனுப்பினார்.

முடிந்த பிறகு அக்கா எழுந்து உட்கார்ந்து, படத்தைக் காட்டச் சொன்னார். வழமையாக நாங்கள் காட்டுவதில்லை. காட்டினேன். போனைக் கையில் வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இதுவா டொக்டர் என்ட உள்ளுக்க?"

"ஓம் அக்கா. சுத்திவர றோஸ் நிறமாக் கிடக்கிறது நல்ல இடம், வாய்க்குள்ள கன்னம் மாதிரி."

"இது தயிர்ச்சட்டி விளிம்பில காஞ்ச பால் மாதிரிக் கிடக்கு. துடைச்சாப் போகாதா?"

வெள்ளை நிறம் தானாகவே சில நிமிடத்தில் போய்விடும், அது மருந்தின் நிறம்; ஆனால் அதைக் காட்டிக்கொடுத்த கலங்கள் அங்கேதான் இருக்கும், அவற்றைத்தான் எடுக்க வேண்டும் என்றேன். டிசம்பர் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்டைக்கு ஊறேல்ல" என்றார். நான் இத்தனை பந்தியில் எழுதியதை அவர் இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்.

ஏன் சூடு வைக்கவில்லை

பயொப்சி சி.ஐ.என். 3, அதாவது புற்றுநோய்க்கு முந்தைய கடும் மாற்றம், என்று வந்தது, கால்வாயைச் சுரண்டியதிலும் அதே கலங்கள். எங்களிடம் வெப்பத்தால் சுட்டு அழிக்கும் கைக்கருவி ஒன்று இருந்தது: 100 பாகை செல்சியஸில் அரை நிமிடமளவு வைத்தால் போதும், விறைப்பு ஊசி இல்லாமலே செய்யலாம், அன்றே வீட்டுக்குப் போகலாம். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதைவிட வசதி இல்லை. அதைச் செய்தால் என்ன என்று நானே கேட்டேன்.

நிபுணர் மறுத்தார். மாற்றம் முழுதாகக் கண்ணுக்குத் தெரிந்து, கருவியின் நுனி அதை மூடக்கூடியதாக இருந்து, கால்வாய்க்குள் போகாமலும் புற்றுநோய்ச் சந்தேகம் இல்லாமலும் இருந்தால்தான் சூடு வைக்கலாம். இங்கே மேல் நுனி தெரியவில்லை. சுட்டால் மேலே மூடி ஆறிவிடும், உள்ளே மிஞ்சியது மறைந்து கிடக்கும். அதோடு, சுட்ட திசுவை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப முடியாது; உள்ளே எங்காவது ஊடுருவல் தொடங்கியிருந்தாலும் தெரியவராது. ஆகவே மின் வளையத்தால் வெட்டி எடுப்பது, அதாவது லெட்ஸ், என்று முடிவானது.

சிகிச்சையும் பிறகும்

நாள் குறிக்கும்போது அக்கா கேட்ட ஒரே கேள்வி, "சடங்குக்கு முன்னம் தண்ணி போறது நிண்டிருமா?" வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. அவர் வீட்டுக்கு அதில் முறை இருக்கிறது. போக்கு இருந்தால் கோயில் வாசல் மிதிக்க மாட்டார். லெட்ஸுக்குப் பிறகு இரண்டு முதல் நான்கு கிழமை வரை நீர் போகலாம், கறுப்பாகவும் இருக்கலாம். சித்திரை வருடம் முடிந்த அடுத்த கிழமையே செய்தால் சரியாக வரும் என்று கணக்குப் போட்டு அப்படியே செய்தோம். இதை நாங்கள் கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்டதால் தெரிந்தது. கேட்காமல் வைகாசிக்குக் கிட்ட நாள் கொடுத்திருந்தால் வந்திருக்கவே மாட்டார்.

விறைப்பு ஊசி போட்டு, 15 நிமிடத்துக்குள் முடிந்தது. நான்கு கிழமை பாரம் தூக்க வேண்டாம், உடலுறவு வேண்டாம், வாவியில் இறங்கிக் குளிக்க வேண்டாம் என்றோம். மாட்டுக்குத் தண்ணீர் யார் தூக்குவது என்று கணவரைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார்.

ஆய்வுகூட முடிவு: சி.ஐ.என். 3, ஊடுருவல் இல்லை. வெளி விளிம்பு சுத்தம். உள் விளிம்பில் மாற்றம் தொட்டுக்கொண்டிருந்தது. அதாவது முழுதாக எடுபட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உடனே திரும்ப வெட்டுவதா என்று பேசி, பெரும்பாலானோரில் மிச்சம் தானாகவே அடங்கிவிடும் என்பதால் ஆறு மாதத்தில் ஸ்மியரும் கொல்பொஸ்கோபியும் என்று வைத்தோம். இந்தத் தடவை "ஆறு மாதம்" என்று சொல்லும்போது ஏன் என்பதையும் சொன்னோம். ஒக்டோபரில் சொன்ன நாளுக்கே வந்தார். ஸ்மியர் சுத்தம், கொல்பொஸ்கோபியில் வெள்ளை இல்லை. ஒரு வருடம் முடியும்போது எச்.பி.வி. பரிசோதனை இருக்கிறது.

மாற்றியதும் மாறாததும்

கொல்பொஸ்கோபித் தாளை மாற்றினோம். முதல் வரியிலேயே எல்லைக்கோடு முழுதாகத் தெரிந்ததா, பாதியா, இல்லையா என்ற மூன்றில் ஒன்றைச் சுழிக்க வேண்டும். சுழிக்காத தாளைத் தாதிய உத்தியோகத்தர் கோப்பில் குத்த மாட்டார். என்னிடமே திருப்பித் தந்திருக்கிறார். படத்தோடு ஸ்மியர் முடிவின் சரியான சொல்லையும் அமிலம் வைத்த நேரத்தையும் எழுதாமல் யாருக்கும் அனுப்புவதில்லை. அனுப்புவது கோப்பாக. சொந்தப் போனில் படம் எடுப்பதை நிறுத்திவிட்டோம். கிளினிக்குக்கு என்று ஒரு போன், பெயருக்குப் பதில் இலக்கம், சாவி அலுமாரியில்.

இப்போது கணினி நிரலே இந்தப் படங்களைப் பார்த்து முடிவு சொல்லும் என்று பேச்சு வருகிறது. வரட்டும், எங்கள் ஊருக்கு அது பெரிய உதவியாக இருக்கலாம். எங்கள் 104139 ஐ அதனிடம் கொடுத்தால் என்ன சொல்லும் என்று மட்டும் எனக்கு யோசனை. உள்ளே மறைந்திருந்த முன் உதட்டுக் கோடு அந்தப் படத்திலேயே இல்லை.

குடும்பநல உத்தியோகத்தர் தன் பதிவேட்டில் "வெளிநாடு" என்று எழுதிய பெயர்களைத் தனித் தாளில் எடுத்து, திரும்பி வந்தவர்களைத் தேடத் தொடங்கியிருக்கிறார். அவர் பகுதிக்கு மட்டும்.

மாறாதது ஒன்று உண்டு. கால்வாயைத் திறந்து பார்க்கும் சிறிய ஸ்பெகுலம் எங்களிடம் ஒன்றே ஒன்று. ஒருவருக்குப் பாவித்தால் கிருமிநீக்கி வர அன்று பின்னேரமாகும். கிளினிக்கில் இரண்டு பேருக்குத் தேவைப்பட்டால் இரண்டாமவர் இருந்து பார்த்து, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போகிறார். இன்னும் இரண்டு கேட்டு எழுதியிருக்கிறோம்.